விறகடுப்பு ரொட்டி

பாளையம்பட்டி, திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமியில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்துக்கு ஒரு நல்ல கதி உண்டென்றால், அது பேக்கரி அடுப்புக்குப் போவதுதான். செங்கல் அடுப்பின் உள்ளேயே விறகை எரிப்பார்கள். செங்கல் சூட்டைக் குடித்ததும் கங்கை வழித்தெடுத்து, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, நீளத் துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளுவார்கள். உச்சச் சூட்டில் பன்னும் ரொட்டியும் வேகும். தணிந்த சூட்டில், முந்தின நாள் ரொட்டித் துண்டுகள் ரஸ்க்காகக் காயும். சூடு கொஞ்சமும் வீணாகாத இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும்.

மெழுகுத்தாள் ரொட்டியை நம் ஊர்களுக்குப் பழக்கியது, 1965-ல் மத்திய அரசு தொடங்கிய மாடர்ன் பேக்கரீஸ். 2000-ல் அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. ஆலை ரொட்டியில் எனக்குள்ள குறை, அவசரம். 1961-ல் இங்கிலாந்தின் சார்லிவுட்டில் கண்டுபிடித்த அதிவேகப் பிசையல், மாவு புளிக்கும் நேரத்தையே சுருக்கிவிட்டது. மணம் பிறப்பது அந்த நேரத்தில்தானே! பூஞ்சை அண்டாதிருக்கக் கால்சியம் புரோபியோனேட் வேறு.

ஊர் பேக்கரி எல்லாமே சுத்தம் என்று சொல்லமாட்டேன். 2016-ல் தடையாகும் வரை பொட்டாசியம் புரோமேட் இந்திய ரொட்டி மாவில் புழங்கியதுதான். ஆனால் விறகடுப்பு ரொட்டியின் பழுப்பு மேல்தோலைப் பிய்க்கும்போது வரும் வாசனைக்கு, உறை ரொட்டியில் இடமே இல்லை. சாயங்காலம் வாங்கினால், வெட்டாமல் முழுசாக வாங்குங்கள்.