விடைக்குப் பின் வரும் கேள்வி

பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பத்து வயதுப் பிள்ளைகள் தமிழில் கணக்குப் படிக்கிறார்கள். எண்கள், நாற்செயல்கள், பின்னம், அளவை, வடிவங்கள் என்று பாடப் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றுதான். பிள்ளைக்கு யோசிக்கக் கற்றுக்கொடுக்கும் விதத்தில்தான் இரண்டு ஊரும் பிரிகின்றன. இலங்கையில் அந்த வேலையைப் பெரிதும் ஒரு பரீட்சை செய்கிறது. தமிழ்நாட்டில் அதை ஒரு வகுப்பறை முறையிடம் ஒப்படைத்தார்கள்.

இலங்கையின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் கொண்டுவந்த இலவசக் கல்வியோடு சேர்ந்து வளர்ந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளை ஒரு நல்ல மத்திய கல்லூரிக்குப் போக வழி திறப்பதே அதன் நோக்கம். இன்று ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும். இரண்டு வினாத்தாள்களில் முதலாவது பல்தேர்வு வினாக்களால் ஆனது. எண்கோலம், உருவத்தொடர், ஒன்றோடொன்று பொருந்தும் சோடி, கொடுத்த தகவலிலிருந்து முடிவுக்கு வருதல் என்று அது முழுக்க யோசனையைச் சோதிக்கும் தாள்.

இதில் நான் மனமார மதிக்கும் ஒன்று உண்டு. மலையகத் தோட்டத்துப் பாடசாலையில் படிக்கும் பிள்ளையும் பத்து வயதுக்குள் நூற்றுக்கணக்கான எண்கோலங்களைப் பார்த்திருக்கும். பாடப்புத்தகத்தின் ஓரத்தில் விளையாட்டாக அச்சிட்டிருக்கும் புதிர் அங்கே முதல் வினாத்தாளாகவே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளை இப்படிப்பட்ட தாளை முதன்முதலாக எட்டாம் வகுப்பில், தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் பகுதியில் சந்திக்கிறது. அதுவும் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தால்தான்.

ஆனால் பயிற்சி நடக்கும் விதத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. 3, 6, 12 என்று ஒரு தொடர், அடுத்த எண் என்ன? ஒரு பிள்ளை 24 என்கிறது: ஒவ்வொன்றும் முன்னதின் இரட்டிப்பு. இன்னொரு பிள்ளை 21 என்கிறது: முதலில் 3 கூடியது, பிறகு 6 கூடியது, இனி 9 கூடும். இரண்டும் சரியான யோசனை. இரண்டாவது பிள்ளையின் தலைக்குள் நடந்தது இன்னும் கொஞ்சம் நுட்பமானது என்றுகூடச் சொல்வேன். மாதிரி வினாத்தாளின் விடைப்பட்டியலில் 24 மட்டும் இருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சிவப்புப் புள்ளடிதான் கிடைக்கும். பத்து முறை இப்படி நடந்தால், தான் கண்டதைச் சொல்வதை விட்டுவிட்டு, வினா எடுத்தவர் எதை எதிர்பார்ப்பார் என்று ஊகிக்கக் கற்றுக்கொள்ளும். "உதை எப்படிப் பிள்ளை கண்டுபிடிச்சனீர்?" என்று ரீச்சர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த ஒரு தொடரிலேயே ஒரு பாடவேளை நிறைந்திருக்கும். கேட்க நேரம் இல்லை. தரம் நான்கிலேயே ரியூசன் தொடங்கிவிடுகிறது. கடந்தகால வினாத்தாள்களும் நாளிதழ்கள் வெளியிடும் மாதிரி வினாத்தாள்களும் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வருகின்றன. பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் நிறுத்தச் சொல்லிப் பரீட்சைத் திணைக்களம் தடை போட வேண்டியிருக்கிறது என்றால், அந்தச் சுமை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

இத்தனைக்கும் அங்கே 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் வழிகாட்டப்பட்ட விளையாட்டையும் செயற்பாட்டையும் எழுத்து வேலையையும் சேர்த்தே வகுப்பறைக்குத் தந்தது. தரம் ஒன்றிலும் இரண்டிலும் அது உயிரோடு இருக்கிறது. தரம் ஐந்து நெருங்க நெருங்க விளையாட்டு ஒதுங்கி, கடிகாரத்தைப் பார்த்து விடை குறிக்கும் பயிற்சி மேலே வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் கதை வேறு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில், பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படிக்கும் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை அதன் மூலம். ஈராசிரியர் பள்ளிகள் நிறைந்த தமிழ்நாட்டுக்கு அது பொருந்தியதில் வியப்பில்லை. பிள்ளைகள் பாயில் குழுக்குழுவாக உட்கார்ந்தார்கள். பாட வரிசையைக் காட்டிச் சுவரில் தொங்கும் ஏணிப்படத்தைப் பார்த்து, தமக்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தாமே எடுத்து, மணிகளை எண்ணி, எட்டும் உயரத்தில் அடித்த கரும்பலகையில் எழுதினார்கள். பிரம்புக்குப் பயந்து ஒப்பித்த வகுப்பறையோடு ஒப்பிட்டால் அது பெரிய விடுதலை. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத் திருத்தத்தையொட்டி இங்கே ஐந்தாம் வகுப்புக்கு அறிவித்த பொதுத்தேர்வை 2020 பிப்ரவரியில் அரசே திரும்பப் பெற்றதும் சரியான முடிவு. பத்து வயதில் பிள்ளையைத் தரம் பிரிக்காத ஊராக இது இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் கிடையாது.

குறை எங்கே என்றால், அட்டை பிள்ளையிடம் திரும்பக் கேள்வி கேட்காது. 52இலிருந்து 37ஐக் கழி என்றால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை பல நேரம் 25 என்று எழுதும். ஐந்தில் மூன்று போனால் இரண்டு. இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து. அந்தப் பிள்ளையிடமே, "கையில அம்பத்திரண்டு ரூபா இருக்கு கண்ணு, முப்பத்தேழு ரூபாய்க்கு சாமான் வாங்குற, மிச்சம் எவ்ளோ?" என்று கேட்டால், முப்பத்தேழுக்கு மேல் மூன்று போட்டு நாற்பது, அப்புறம் பத்து, அப்புறம் இரண்டு என்று வாயாலேயே எண்ணிப் பதினைந்து என்று சொல்லிவிடலாம். வாய் சொன்ன பதினைந்தையும் கை எழுதிய இருபத்தைந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ரெண்டுல எது சரி, ஏன்?" என்று கேட்கிற இடத்தில்தான் கணக்கு தொடங்குகிறது. அட்டையைத் திருத்தி அடுத்த படிக்கு அனுப்பும் அவசரத்தில் அந்த இடம் தாண்டிப் போய்விடுகிறது.

இது இரண்டு ஊருக்கும் மட்டுமான சிக்கல் அல்ல. டெல்லி, கொல்கத்தாச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வந்தது. சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே போடும் பிள்ளைகள் பள்ளிக்கூட வடிவத்தில் வந்த கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டையும் இணைத்துவைக்க வகுப்பறையில் யாராவது வாய் திறந்து பேச வேண்டும்.

பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் தமிழ்நாட்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பின்தங்கியவர்களை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டது. நல்ல வேலை. ஆனால் மதிப்பீட்டைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றுவதில் ஆசிரியரின் பொழுது போய்விடுகிறது. இரண்டிலக்கக் கழித்தல் வருமா வராதா என்பது பதிவாகும். ஏன் வரவில்லை என்பதற்கு அங்கே கட்டம் கிடையாது.

ஏட்டில் இரண்டு ஊருக்கும் குறையே இல்லை. இலங்கைக் கலைத்திட்டம் பிரசினம் தீர்த்தலையும் காரணம் காண்பதையும் கணிதத்தின் குறிக்கோள்களாகவே வைத்திருக்கிறது. இந்தியாவில் 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ரா. இராமானுஜம் தலைமையில் எழுதிய கணித ஆவணம், பிள்ளையின் சிந்தனையே கணிதமயமாக வேண்டும் என்றது. மனப்பாடத்தைப் பழித்துவிட்டால் இது கைகூடிவிடும் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாயில் வராத பிள்ளைக்குக் கணக்கை யோசிக்கத் தெம்பு மிஞ்சாது. வாய்ப்பாடும் வேண்டும், அதற்கு மேல் பேச்சும் வேண்டும்.

முப்பது பிள்ளைகளிடம் தினமும் 'எப்படி?' என்று கேட்க எந்த ஆசிரியராலும் முடியாது. நாளுக்கு இரண்டு பிள்ளைகளைக் கரும்பலகைக்கு அழைத்து, விடையைச் சொல்லாமல் வந்த வழியை மட்டும் வகுப்புக்குச் சொல்லவைக்கலாம். மூன்று வாரத்தில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று பேசி முடித்திருக்கும். இதற்குப் புது அட்டை வேண்டாம், செயலி வேண்டாம், பரீட்சையைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். புலமைப்பரிசில் வினாத்தாளில் 'உமது விடைக்குக் காரணம் எழுதுக' என்று ஒரே ஒரு வினாவும், தமிழ்நாட்டின் தொகுத்தறி மதிப்பீட்டில் அதே போல ஒன்றும் சேர்ந்தால், மாதிரி வினாத்தாள் அச்சிடுகிறவர்கள்கூட அடுத்த ஆண்டே காரணம் கேட்கத் தொடங்குவார்கள்.