பத்துக்கு நாலு புள்ளி ஏழு!

மெதுவாகப் பறக்கும் மின்சார மாதிரி விமானத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று யார் கேட்டாலும் மூக்கு நுனியைத்தான் காட்டுவேன். அங்கே சுற்றுகிற ப்ரொப்பெல்லர்! மோட்டாரையும் பேட்டரியையும் மாதக்கணக்கில் அலசி வாங்குகிறவர்கள், பெட்டியில் கிடக்கும் ஏதோ ஒரு ப்ராப்பை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்புவதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. இருப்பதிலேயே விலை குறைந்த பாகம் அது. விமானத்தின் குணத்தையே மாற்றிவிடுவதும் அதுதான்.

என் செல்லம், தைவானின் ஜி.டபிள்யூ.எஸ். தயாரித்த ஸ்லோ ஸ்டிக். உடம்பு ஓர் அலுமினியக் குச்சி, அவ்வளவுதான். மேலே வளைந்த நுரை இறக்கை, முனைக்கு முனை ஏறக்குறைய 1.18 மீட்டர். பேட்டரியோடு சேர்த்தும் எடை அரைக் கிலோவைத் தொடாது. மணிக்கு 15 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் குறைந்தாலும் விழாமல் மிதக்கும். இப்படிப்பட்ட விமானத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வது 10×4.7 ஸ்லோ ஃப்ளையர் ப்ராப்.

முதல் எண் விட்டம், 10 அங்குலம். இரண்டாவது பிட்ச். நட்டுக்குள் திருகும் போல்ட் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறுகிறதோ, அதுபோல ப்ராப் ஒரு சுற்றில் வழுக்காமல் போனால் முன்னேறும் தூரம் இது. இங்கே 4.7 அங்குலம், கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். 1000 கேவி (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டாரும் 2 செல் லிபோ பேட்டரியும் போட்டால் இந்த ப்ராப் நிமிடத்துக்கு 5,300 சுற்று அளவில் சுற்றும். பெருக்கிப் பாருங்கள்: நிமிடத்துக்கு 630 மீட்டர், மணிக்கு 38 கிலோமீட்டர். இதுதான் பிட்ச் வேகம். விமானம் விழாமல் நிற்கும் குறைந்தபட்ச வேகத்தைப் போல இரண்டரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை பிட்ச் வேகம் இருக்க வேண்டும் என்பது எங்கள் வட்டாரத்துக் கணக்கு. பதினைந்துக்கு முப்பத்தெட்டு. என்ன பொருத்தம்! அதே மோட்டாரில் 8×6 மாட்டினால் பிட்ச் வேகம் ஐம்பதைத் தாண்டிவிடும். அந்த வேகத்துக்கு ஸ்லோ ஸ்டிக் போகவே போகாது. கரண்ட் செலவாகும், இழுக்கும் பலம் இருக்காது.

விட்டம் ஏன் பெரிதாக இருக்க வேண்டும்? எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இதுதான். இரண்டு பங்கு காற்றை அரை வேகத்தில் பின்னே தள்ளினால் கிடைப்பது அதே உந்துவிசை. காற்றுக்குக் கொடுக்கும் ஆற்றலோ பாதி! 1979-ல் பால் மெக்கிரெடியின் காசமர் அல்பட்ராஸ், ஒரே மனிதரின் கால் பலத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததே, அதன் ப்ரொப்பெல்லரும் பெரிதாக, நிதானமாகச் சுற்றியதுதான். என் குச்சி விமானத்திலும் அதே விதி வேலை செய்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

அப்படியானால் இன்னும் பெரிதாகப் போடலாமே என்று கை துறுதுறுக்கும். அங்கேதான் வாட் மீட்டர் வேண்டும். பிட்சும் சுற்றும் மாறாமல் 10-லிருந்து 11 அங்குலத்துக்குப் போனால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். மோட்டாரும் ஸ்பீடு கன்ட்ரோலரும் தாங்குமா என்பதை மீட்டரில் பார்த்த பிறகே பறக்க விடுங்கள். சுற்றுக்கும் வரம்பு உண்டு. கலிபோர்னியாவின் ஏ.பி.சி. நிறுவனம் தன் ஸ்லோ ஃப்ளையர் ப்ராப்களுக்கு விதித்திருப்பது, 65,000-ஐ விட்டத்தால் வகுத்தால் வரும் எண். பத்து அங்குலத்துக்கு நிமிடத்துக்கு 6,500 சுற்று. ப்ராப்பின் அலகு அகலமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு. அதே 1000 கேவி மோட்டாருக்கு 3 செல் கொடுத்தால் வரம்பு தாண்டிவிடும். வேண்டவே வேண்டாம்.

அளவு ஒன்றாக இருந்தால் எல்லா ப்ராப்பும் ஒன்றுதானே என்பவர்களுக்கு ஒரு செய்தி. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிராண்ட், செலிக் இருவரும் 79 சிறு ப்ரொப்பெல்லர்களைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலானவை 9 முதல் 11 அங்குலம் வரையிலானவை. சிறந்ததன் திறன் 65 சதவீதத்தை நெருங்கியது. படுமோசமானது 28 சதவீதத்திலேயே நின்றது. அந்த வரைபடங்களை நான் கதைப் புத்தகம்போல ரசித்துப் படித்திருக்கிறேன்.

சரியான ப்ராப் மாட்டிய ஸ்லோ ஸ்டிக்கைப் பறக்க விடும் சுகம் இருக்கிறதே! த்ராட்டிலைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டாலும் உயரம் குறையாமல் வட்டமிடும். காதுக்கு வருவது மெல்லிய ரீங்காரம் மட்டும். ஒரு துளி கூட்டினால் உடனே மூக்கைத் தூக்கும். இறங்கும்போது த்ராட்டிலை மூடினால் அந்தப் பெரிய ப்ராப் வட்டமே பிரேக்காகிவிடும். காலடியில் வந்து உட்காரும்.

மாட்டும்போது எண் பொறித்த பக்கம் முன்னே பார்க்கட்டும். பேலன்சரில் வைத்து, மேலே எழும் இலேசான அலகின் பின்புறம் செல்லோ டேப் துண்டு ஒட்டிச் சமன்செய்யுங்கள். ரப்பர் வளையத்தால் பிடிக்கும் ப்ராப் சேவர் கட்டாயம் வேண்டும். மூக்கு தரையில் குத்தினாலும் ப்ராப் விலகிக்கொடுக்கும், மோட்டார் தண்டு பெரும்பாலும் தப்பிக்கும்.

வீட்டில் ஸ்லோ ஸ்டிக் சும்மா தொங்குகிறதா? 2 செல், 1000 கேவி, 10×4.7. காற்றில்லாத காலையில் ஒருமுறை விட்டுப் பாருங்கள். உதிரியாக இரண்டு ப்ராப் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.