யார் வீட்டுச் சிரிப்பு?

குண்டடத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், நான் சிறுவனாக இருந்தபோது பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. ரேடியோ அறை ஊருக்குள்ளே. குழாயையும் ஊரைப் பார்த்தே கட்டியிருந்தார்கள். காற்று எங்கள் வளவுப் பக்கம் திரும்பினால்தான் எங்களுக்கு நாடகம். புருசன் பெண்டாட்டி சண்டை, மாமியாரின் முணுமுணுப்பு, காபி டம்ளர் வைக்கிற சத்தம். நாங்கள் வாசப்படி மிதிக்க முடியாத வீடுகளின் அடுப்படி எங்கள் காதுக்குள் வந்தது. சிரித்தோம். பொய் சொல்வானேன், வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பழைய வானொலிக் குடும்ப நகைச்சுவைக்கு இன்னும் மவுசு குறையாமல் இருப்பது இதனால்தான். முகம் தெரியாது, நிறம் தெரியாது. வீட்டில் பாதியைக் கேட்கிறவர்களே கட்டிக்கொள்கிறார்கள். சத்தத்துக்குத் தீட்டு கிடையாது. ஆனால் பேச்சில் சாதி இருக்கிறது. எங்களுக்குக் கேட்ட நாடகங்களில் 'வீட்டுப் பேச்சு' என்றால் பெரும்பாலும் அக்ரகாரத்துப் பேச்சு. சேரித் தமிழ் வேலைக்காரியின் வாய்வழியாக மட்டும் உள்ளே வரும். வந்ததும் சிரிக்க வேண்டும். எங்க வளவுப் பொம்பளைகளும் அதுக்குச் சிரிச்சாங்க. யாரைப் பார்த்து யார் சிரித்தது?

இலங்கை வானொலி கொஞ்சம் வேறுமாதிரி. சானா என்கிற சண்முகநாதனின் 'லண்டன் கந்தையா' யாழ்ப்பாணப் பேச்சிலேயே நடந்தது. ராமதாசின் 'கோமாளிகளின் கும்மாள'த்தில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்று ஆளுக்கொரு தமிழ். 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. அங்கே ஒரு பேச்சு முதலாளியாகவும் மற்றதெல்லாம் வேலைக்காரனாகவும் இல்லை. எல்லோரும் எல்லோரையும் கேலி பேசினார்கள். அந்த ஜனநாயகத்தை நாம் மதிக்க வேண்டும்.

ஆனாலும் அதே யாழ்ப்பாணத்தில்தான் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்களை மறித்தார்கள். அந்த மக்களின் வாழ்வை டானியல் 'பஞ்சமர்' நாவலில் எழுதினார். வானொலிச் சிரிப்பில் அவர்கள் வீட்டுக்கு இடம் இருந்ததா என்பதுதான் நம் கேள்வி.

ரசிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நம் வீட்டிலும் சிரிப்பு இருந்தது என்கிறேன். எங்கள் பக்கத்து அருந்ததியர் வீடுகள் பலவற்றில் உள்ளே தெலுங்கு, வெளியே தமிழ். பண்ணையத்தில் பகலெல்லாம் 'சாமி, சாமி' என்று குனிந்துவிட்டு வந்த அம்மா, ராத்திரி அடுப்புக்கு முன்னால் அந்தச் சாமி மாதிரியே இருமி, கனைத்து, கூலியைக் குறைத்துப் பேசிக் காட்டுவாள். நாங்கள் புரண்டு சிரிப்போம். அப்பன் மட்டும் பதறுவார்: "மெல்லச் சிரிங்க, காத்து ஊருப் பக்கம் அடிக்குது."

அந்த நாடகத்துக்கு யாரும் மைக் வைக்கவில்லை. அப்படிப் பேசிக் காட்டத் தெரிந்த கிழவிகள் வளவுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பனியன் கம்பெனி பஸ் ஏறப்போகும் பிள்ளைகளே, கையில் போன் இருக்கிறது. பதிந்து வையுங்கள். இனி எதற்கு மெல்லச் சிரிப்பது?