யார் கைநாட்டு?

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962இல் வந்தது. புற்றுநோய்க்காரராக முத்துராமன், மனைவியாக தேவிகா, அவளை முன்பு காதலித்த டாக்டராகக் கல்யாண்குமார். தியாகக் கதை என்று கொண்டாடுகிறோம். எனக்கு உறுத்துவது வேறு. ஆபரேஷனுக்கு முந்தி, 'நான் செத்துட்டா நீ டாக்டரைக் கட்டிக்கோ' என்கிறான் புருஷன். படித்தவன், ஆம்பளை, தனி அறையில் படுத்திருக்கிறவன். அவனுக்கு வாய் இருக்கிறது; பெண்டாட்டி வாழ்க்கைக்கும் சேர்த்து அவனே முடிவு சொல்கிறான். படுத்திருப்பவள் தேவிகாவாக, அதுவும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கூட்டிப் பெருக்குகிறவளாக இருந்தால்?

மேனாம்பேட்டு அக்கா ஒருத்திக்குத் துணையாகப் போயிருக்கிறேன். கர்ப்பப்பை வாயில் புற்று. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. 'கூட ஆம்பளை யாரு?' என்றார். புருஷன் போய் நின்றான். இங்கிலீஷ் தாளில் அவன் கைநாட்டு. வெளியே வந்து அக்கா என்னைக் கேட்டாள்: 'எனக்கு இன்னா தம்பி பண்ணப் போறாங்க?'

டெல்லியில் மயக்கத்தில் கிடந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த தாயின் சம்மதத்தை வாங்கி எடுத்துவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். உயிர்போகிற அவசரம் இல்லாதபோது, சுயநினைவுள்ள வயதுவந்தவளுக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. (அந்தத் தீர்ப்பும் இங்கிலீஷில்தான் இருக்கிறது.)

கரண்டு வைப்பது என்றால் வாரம் ஐந்து நாள், ஐந்து வாரம். பெரும்பாலும் 25 தடவை. அத்தனை நாள் கூலி போச்சு. அம்பத்தூரில் ரயிலேறி சென்ட்ரல், அப்புறம் பஸ். 2012இல் வந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்ளும். கூலிக்கு என்ன செய்வது? முதல் நாளே விவரம் சொல்லி, 'உன்னால் எப்படி வரமுடியும்' என்று கேட்டிருந்தால் அவள் ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பாள். பதினெட்டு நாளோடு நின்றுவிட்டாள். 'இந்தச் சனங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது' என்றாள் அங்கிருந்த நர்ஸ். எத்தனை சொன்னார்களாம்?

வெள்ளைக்கோட்டை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க முடியாது. 'சொன்னா தாங்கமாட்டா' என்று மறைப்பது நம்ம வீடுதான். பாசம் என்கிறோம். பொண்ணு கல்யாணம் நின்னுடும் என்கிற பயமும் அதில் பாதி.

நம் எழுத்துக்கும் இதில் பங்குண்டு. அடிபட்ட உடம்பை நிறைய எழுதிவிட்டோம். நோய்ப்பட்ட உடம்பு தன் வைத்தியத்தைப் பற்றித் தானே பேசுவதை நான் அரிதாகத்தான் படித்திருக்கிறேன். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத் தோழர்கள் எழுதி அனுப்புங்கள்: டாக்டர் யாரிடம் பேசினார், எந்தப் பாஷையில், உங்கள் வீட்டுப் பொம்பளை என்ன கேட்டாள், பதில் வந்ததா.