பிஸ்கட் போட்டது யார்?

விருதுநகர் மாவட்டத்துக்கு நாய்ப் பெருமை உண்டு. இராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலை வந்தது. முயலை விரட்டிப் பேர் வாங்கிய சிப்பிப்பாறைக்குப் பெயர் கொடுத்த ஊரும் இங்கேதான். ஆனால் யாத்திரைக்காரர் பின்னால் நடப்பது இந்தச் சீமான்கள் இல்லை. இவை வாசலில் சங்கிலியோடு கிடக்கும். நடப்பது பெயரில்லாத தெருநாய்.

யாரும் அதைக் கூட்டிப்போவதில்லை. தைப்பூசத்துக்காகச் சிவகாசி, சாத்தூர்ப் பக்கமிருந்து பச்சை வேட்டியோடு திருச்செந்தூருக்கு நடப்பவர்கள் டீக்கடையில் ஒரு பிஸ்கட் போடுவார்கள். அது கூடவே வந்துவிடும். 2019இல் திருமலையிலிருந்து சபரிமலைக்குக் கிளம்பிய 13 ஐயப்ப பக்தர்கள் பின்னால் ஒரு நாய் 480 கிலோமீட்டர் நடந்து சிக்கமகளூர் மாவட்டம் வரை வந்துவிட்டது. செய்தி படித்தவர்கள் உருகினார்கள். அதன் பாதம் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெயில் ஏறிய தார் ரோட்டில் நமக்குச் செருப்பு இருக்கிறது. லாரி வேறு. போதாததற்கு வெடி: பட்டாசு ஊரில் பிறந்த நாயும் சரவெடிக்கு நடுங்கும். தெறித்து ஓடினால் பழகிய தெருவும் இல்லை, திரும்பும் வழியும் தெரியாது.

சதுரகிரியில் கதை வேறு. தாணிப்பாறையிலிருந்து ஏறுகிறவர்களுக்கு முன்னால் நாய் போனால், பைரவரே வழிகாட்டுகிறார் என்பார்கள். அடிவாரத்து நாய்க்குப் பாறையும் ஓடையும் அத்துப்படி, வழிகாட்டுவதில் வியப்பில்லை. ஏறி இறங்க ஒரு நாள்தான், பிறகு அது தன் இடத்துக்கே வந்துவிடும். ஆனால் 2021 முதல் அந்த மலை புலிகள் காப்பகம். பையைச் சோதித்துப் பிளாஸ்டிக்கை வாங்கி வைக்கிற கெடுபிடி, சாமியாகிவிட்ட நாயிடம் செல்லுமா?

இலங்கையில் கதிர்காம நடை ஒன்றரை மாதம் போல நீளும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலெடுத்து, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரையோரமாகவே போவார்கள். போர் நிறுத்திவைத்த யாத்திரை 1988இல் மீண்டும் கிளம்பியது. இங்கே தை மாதக் குளிர்ச்சி. அங்கே ஆனி வெயில். கோயில் கோயிலாகத் தங்குவதால் சோற்றுக்குக் குறைவில்லை, பின்தொடரும் நாய்க்கும்தான்.

உகந்தை வந்ததும் எல்லாம் மாறும். அதற்கப்பால் குமண, யால தேசிய வனங்கள். கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்குத்தான் காட்டுப்பாதை திறக்கும். கும்புக்கன் ஓயாவைக் கடந்து ஐந்தாறு நாள், சாப்பாட்டைத் தலையில் சுமந்து நடக்க வேண்டும். தேசிய வனங்களுக்குள் நாய்க்கு இடமில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. நாயிடமிருந்து சிறுத்தைக்கு நோய் தொற்றவும் கூடும்: 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்களைக் கொன்ற டிஸ்டம்பர் வைரஸ் நாய்களிடமிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது.

ஆக, சதுரகிரி நாய் காட்டு விளிம்பிலேயே வாழ்வது. உகந்தை வாசலில் நிற்பதோ எங்கோ நூறு மைலுக்கு அப்பால் பிஸ்கட்டுக்கு மயங்கியது. வனக் காவலர் அதை மறிப்பதைக் கல்நெஞ்சு என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொத்துவிலிலேயே ஒரு வீட்டைக் கேட்டு, சோற்றுக்குக் காசும் கொடுத்து விட்டுவிட்டுப் போயிருக்கலாம். இன்னும் நல்லது, கிளம்பிய இரண்டாம் நாளே திருப்பி அனுப்பியிருப்பது.