வீடும் மண்ணும்: மீள வாசிக்கப்படவேண்டிய நாவல்கள் சில

நாவலொன்று மறக்கப்படுவதற்கு இரு வழிகள் உள்ளன. அச்சிற் கிடையாது போவது ஒன்று. இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரியாக ஒடுங்கி, பெயரும் ஆண்டும் மாத்திரம் மனனஞ் செய்யப்படுவது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதே பாரதூரமானது. கிடைக்காத நூலை எவரேனும் தேடக்கூடும். அறிந்துவிட்டோம் என்று கருதும் நூலை எவரும் தேடுவதில்லை. கண்டியையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் சார்ந்தெழுந்த தமிழ் நாவல்கள் பலவற்றுக்கு நேர்ந்திருப்பது இவ்விரண்டாவது கதியேயாகும்.

இதற்கு முற்போக்குத் திறனாய்வாளராகிய நாமும் பொறுப்பாளிகள் என்பதை முதற்கண் ஏற்றுக்கொள்ளவேண்டும். கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968), சில்லையூர் செல்வராசனின் 'ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சி' (1967), நா. சுப்பிரமணியத்தின் 'ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம்' (1978) முதலியவை இத்துறையிற் கால்கோளிட்ட நூல்கள். அவற்றைத் தொடர்ந்து வந்த நாமோ பெரும்பாலும் பட்டியலை நீட்டுவதிலேயே நின்றுவிட்டோம். மலையக நாவலைத் 'தொழிலாளர் துயரத்தின் ஆவணம்' என்று பாராட்டினோம். அப்பாராட்டே அதனைப் புதைத்துவிட்டது. ஆவணத்தை ஒரு முறை பார்த்தாற் போதும். நாவலையோ மீண்டும் மீண்டும் வாசிக்கவேண்டும். இக்கட்டுரை நான்கு நாவல்களைப் புதிய வாசகருக்குப் பரிந்துரைக்கின்றது. அவை அனைத்திலும் வெவ்வேறு வடிவில் எழும் ஒரே வினா, மனிதன் வாழும் வீடும் உழைக்கும் மண்ணும் யாருக்குரியவை என்பதாகும்.

1

முதலாவது, ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனக் கொள்ளப்படும் 'அசன்பேயுடைய கதை' (1885). இதன் ஆசிரியர் சித்திலெப்பை 1838இற் கண்டியிற் பிறந்தவர், வழக்கறிஞர், 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர், முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சிக்கு முன்னின்றவர். கண்டியிலே வாழ்ந்த ஒருவர் எழுதிய இந்நாவலிற் கண்டி இல்லை என்பதே நமது கவனத்திற்குரியது. கதை எகிப்து, பம்பாய், கல்கத்தா எனப் பரந்து செல்கின்றது.

இவ்வின்மையை ஆசிரியரின் குறையாகக் கருதி ஒதுக்குதல் எளிது. ஆனால் அதன் சமூக அடிப்படை நோக்கற்பாலது. 1867இல் புகையிரதம் கண்டியை வந்தடைந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் தாக்கத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே சுயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது. 1882இல் எகிப்து பிரித்தானியரின் படைக்கு அடிபணிந்தது. அங்கு கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார். அவர் பிற்காலத்திற் கண்டியிலே வாழ்ந்த இல்லம் இன்றும் நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. வணிகத்தாலும் கல்வியாலும் எழுச்சிபெற்றுக்கொண்டிருந்த ஒரு வகுப்பினரின் அடிவானம் கடல்வழியை நோக்கி விரிந்திருந்தது. குடியேற்றவாதத்தைத் தம் சமூகத்தவர் எதிர்கொள்ளும் பெருங்களமாக எகிப்து அவர்கள் கண்ணுக்குப் புலனாயிற்று. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்து தம் ஊரைச் சூழ்ந்த மலைகளில் ஏறிக்கொண்டிருந்த மனிதர் அப்பார்வையிற் படவில்லை.

வீரசாகசக் கதைக்குரிய தற்செயல்களும் திடீர்த் திருப்பங்களும் இந்நாவலில் மிகுதி. எனினும், ஏகாதிபத்திய உலகின் நகரங்களை ஒரே கதைச் சரட்டிற் கோத்துக் காணும் துணிவு, அக்காலத் தமிழ் உரைநடைப் புனைகதையில் அரிதாகக் காணப்படுவது. ஒரு வகுப்பு எதனைக் கண்டது, எதனைக் காணாதிருந்தது என்பதை ஒருங்கே அறிய விழைவோருக்கு இதனிலும் பொருத்தமான தொடக்கம் இல்லை.

2

சித்திலெப்பை காணாத மனிதர் தமிழ் நாவலின் மையத்துக்கு வர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' என்னும் நெடுங்கதை தமிழகத்திலிருந்து இத்துயரை நோக்கியது உண்மையே. ஆயின் விரிந்த நாவலாக இவ்வாழ்வைத் தந்தோருள் முன்னிற்பவர் கோகிலம் சுப்பையா. அவரது 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. வள்ளி என்னும் பெண்ணின் வாழ்வினூடாக, தமிழகக் கிராமத்தின் வறுமையிலிருந்து இலங்கைத் தோட்டத்தின் அடிமைத்தனம்வரை நீளும் பாதையை அது வரைகின்றது.

'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்னும் பழமொழியிலிருந்து தலைப்புப் பிறந்தது. கங்காணியின் வாய்ச்சொல்லில் இலங்கை பச்சையாகத் தோன்றியதையும், அருகே வந்ததும் அப்பச்சை கருகியதையும் அது சுட்டுகின்றது. ஆனால் நாவல் வெளியான 1964 ஒக்டோபரிலேயே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களின் எதிர்காலம் அவர்களைக் கேளாமலே கணக்கிடப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விடயம் பின்னர் தீர்க்கப்படுமென ஒத்திவைக்கப்பட்டது. அன்றுமுதல் தமிழகமே அம்மக்களுட் பலருக்குத் தூரத்துப் பச்சையாகியது. நீலகிரியிலும் பிறவிடங்களிலும் குடியமர்த்தப்பட்டோர் மீண்டும் தேயிலைச் செடியின் அடியிலேயே நின்றனர். ஆசிரியர் கருதியிருக்க முடியாத இவ்விரண்டாவது பொருளை வரலாறு அத்தலைப்பில் ஏற்றிவிட்டது. இன்று இதனை வாசிப்போர் இரு பச்சைகளையும் ஒருங்கே காண்பர்.

சில இடங்களில் இந்நாவல் மிகையுணர்ச்சிக்கு இடங்கொடுக்கின்றது என்பது மறுக்கற்பாலதன்று. எனினும் தோட்டத்துப் பெண் மலையிற் கொழுந்து பறிப்பவளாகவும் லயத்திற் சமைப்பவளாகவும் இருமுறை சுரண்டப்படுவதை அது மையப்படுத்துகின்றது. வர்க்கம் என்ற சொல்லை ஆண்பாலாகவே கையாண்டு பழகிய நம் திறனாய்வு இந்நாவலிடம் இன்னும் கற்கவேண்டியது உண்டு.

3

மூன்றாவது, சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்'. 1981இல் நூலுருப் பெற்றது. இதன் ஆசிரியர் 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குச் சென்றவர். மறு ஆண்டில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்தனுப்பிய மக்களை நாடற்றவராக்கியது. தோட்டத்திலே சங்கம் அமைக்க முற்படும் ஒரு தொழிலாளி, அதன் காரணமாக வேலையையும் இருப்பிடத்தையும் இழப்பதே நாவலின் பொருள்.

இங்கு ஓர் அடிப்படை உண்மையை நினைவிற்கொள்ளவேண்டும். தோட்டத்தில் வீடு என்பது வேலையின் ஒரு பகுதி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பிராவும் அதன் முன்னுள்ள இஸ்தோப்பும் தோட்டத்துக்குரியவை. பற்றுச்சீட்டுக் கொடுக்கப்பட்ட அன்றே தொழிலாளி தெருவுக்கு வருகின்றான். ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்தத்தின் பின் திரும்பிச் செல்லத் தனக்கென ஒரு குடிசையேனும் இருக்கலாம்; தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திற் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்டதை அறிவோம். அக்காலத்திற் சங்கத்தில் இணைதல் என்பது உயிரையும் உறைவிடத்தையும் ஒருங்கே பணயம் வைத்தலாகும்.

இவ்வுண்மை நாவலின் கருப்பொருளோடு நின்றுவிடாது அதன் உருவத்தையும் நிருணயிக்கின்றது என்பதே இக்கட்டுரையின் முதன்மையான கருத்து. மலையக நாவல்களிற் பாத்திரங்களின் அகவாழ்வு ஆழமாகச் சித்திரிக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. ஆங்கில நாவலின் எழுச்சியை ஆராய்ந்த இயன் வாட், தனியறையும் தனிமையும் ரிச்சர்ட்சனின் அகவயச் சித்திரிப்புக்கு எவ்வாறு நிலைக்களனாயின என்பதை 1957இலேயே எடுத்துக்காட்டினார். கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுதக்கூடிய ஒருத்திக்கே அத்தகைய அகவாழ்வு வாய்க்கின்றது. லயத்தில் ஒரு சுவருக்கு இருபுறமும் இரு குடும்பங்கள்; அச்சுவரும் பல வேளைகளிற் கூரைவரை எட்டுவதில்லை. தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்த மாணவியொருத்தி வகுப்பில் இது பற்றிய உரையாடலின்போது, "நாங்கள் ஒருநாளும் தனியாக அழுததில்லை, சேர்" என்றாள். எங்கள் கோட்பாட்டு விளக்கங்கள் அனைத்தினும் அவ்வாசகம் தெளிவானது.

ஆகவே, தனிமனித அகத்தை அளவுகோலாக வைத்து இந்நாவலை அளத்தல் பொருந்தாது. 'வீடற்றவ'னில் ஒருவனது முடிவு பிரட்டுக்களத்திலும் இஸ்தோப்பிலும் பலர் நடுவே உருவாகின்றது. அச்சமும் நம்பிக்கையும் பேச்சாகவே வெளிப்படுகின்றன. நாவலை ஆன்மா தன் வீட்டை இழந்த யுகத்தின் இலக்கிய வடிவமெனக் கண்டார் இளம் லூக்காச். அவர் குறித்தது உருவகமான வீடின்மை. வேலுப்பிள்ளையின் நாயகனுக்கோ அது உருவகமன்று. அவன் தலைக்குமேற் கூரை இல்லை. ஐரோப்பிய நாவற் கோட்பாட்டை இம்மலைகளிலிருந்து மீளப் பரிசீலிக்க இந்நாவல் நம்மை அழைக்கின்றது.

இவ்வாறு கூறுவதால் அதன் குறைகளை மூடிமறைக்க வேண்டியதில்லை. நிகழ்ச்சிகள் சிலவிடங்களில் விரைந்து சொல்லப்படுகின்றன. எதிர்நிலைப் பாத்திரங்கள் ஒற்றை வண்ணத்தில் அமைகின்றன. கூட்டுவாழ்வின் உருவமும் கலைச் சோம்பலும் ஒன்றல்ல. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதே திறனாய்வின் பணி. அப்பணியை இதுவரை நாம் செய்யவில்லை.

4

நான்காவது, தி. ஞானசேகரனின் 'குருதிமலை' (1979). தோட்டங்களில் வைத்தியராகப் பணியாற்றிய அனுபவம் வாய்ந்தவர் இவர். பின்னர் கண்டியிலிருந்து 'ஞானம்' சஞ்சிகையைத் தொடங்கி நடத்தியவர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வழங்கும் முயற்சிக்கெதிராகத் தொழிலாளர் கிளர்ந்தனர்; மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையானார். இக்காலத்தின் கொந்தளிப்பே நாவலின் களம்.

இந்நாவல் இடதுசாரி வாசகருக்குச் சங்கடமான ஒரு வினாவை எழுப்புகின்றது. அந்நியக் கம்பனிகளிடமிருந்து நிலத்தை மீட்டல் முற்போக்கானது. நிலமற்ற விவசாயிக்கு நிலம் வழங்கலும் முற்போக்கானதே. கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் பொதுநிலங்கள் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர் பறிபோனமை வரலாறு. ஆனால் அந்நிலத்தைப் பொன்னாக்கிய தொழிலாளியை அகற்றிவிட்டு வழங்கப்படும்போது அது யாருடைய விடுதலை? நிலம் பறிக்கப்பட்டவனும் உழைப்புப் பறிக்கப்பட்டவனும் ஒருவரையொருவர் எதிரியாகக் காணுமாறு நிறுத்தப்பட்டனர்; பறித்தவனோ காட்சியிலேயே இல்லை. வர்க்க முரண்பாடு இன முரண்பாடாகத் திசைதிருப்பப்படும் இச்செயல்முறையை, கிராமத்தையும் தோட்டத்தையும் அருகருகே வைத்து இந்நாவல் அணுகுகின்றது. சில அத்தியாயங்கள் செய்தி அறிக்கையின் வேகத்தில் நகர்ந்தபோதிலும், ஈராண்டுக்குள் நிகழ்கால வரலாற்றைக் கதையாக்கிய அதன் துணிவு போற்றத்தக்கது. 1983இன் பேரழிவுக்கு முன்னரே வெளிவந்த எச்சரிக்கையாகவும் அதனை இன்று வாசிக்கலாம்.

5

நந்தியின் 'மலைக்கொழுந்து', யோ. பெனடிக்ற் பாலனின் 'சொந்தக்காரன்' (1968), தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) ஆகியனவும் இந்நான்கோடு ஒருங்குவைத்து ஆராயத்தக்கவை. இடமின்மையால் இங்கு விரித்துரைக்கவில்லை.

இந்நூல்களை மீள வாசிக்கவேண்டுமென்பது பழமைமேற் கொண்ட பற்றினாலன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரஜாவுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. ஆனால் வீட்டுக்கும் காணிக்கும் உரிமைப் பத்திரம் வேண்டுமென்ற கோரிக்கை இன்றும் ஓயவில்லை, லயங்களும் ஒழியவில்லை. 2023இல் மலையக மக்களின் வருகையின் 200ஆம் ஆண்டு நினைவுகூரப்பட்டது. அதனையொட்டி எழுந்த உரைகளில் வரலாறு பேசப்பட்ட அளவுக்கு நாவல்கள் பேசப்படவில்லை. பேராதனை வளாகத்தை அண்டியுள்ள ஹந்தானையிற் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001இல் அரும்பொருட்சாலையாகத் திறக்கப்பட்டது. அங்கு இயந்திரங்களைக் காணலாம். அவற்றை இயக்கியோரின் குரலைக் கேட்க வேண்டின் இந்நாவல்களிடமே செல்லவேண்டும்.

செய்யவேண்டியவை பெரும் பொருட்செலவு வேண்டுவனவல்ல. இந்நூல்களிற் சில நூலகம் முதலிய எண்ணிம நூலகங்களிற் பேணப்படுகின்றன; ஆனால் பேணுதல் வேறு, வாசித்தல் வேறு. பாடபேதம் ஒப்புநோக்கி, தோட்ட வழக்குச் சொற்களுக்கு விளக்கந் தந்து, பிழையற்ற பதிப்புகள் வெளிவரவேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஆண்டுக்கொரு நாவலை எடுத்துக்கொண்டு, வளாகத்தில் ஒரு முறையும் அயலிலுள்ள தோட்டமொன்றின் வாசிகசாலையில் ஒரு முறையும் வாசிப்பு அரங்கு நடத்தலாம். 'வீடற்றவ'னைப் பற்றிக் கூறத் தகுதியானவற்றை அவ்விரண்டாவது அரங்கிலேயே நாம் கேட்கக்கூடும். அங்கு நாம் உரையாற்றுவோராகவன்றிக் குறிப்பெடுப்போராக அமர்தல் நன்று.