ஒற்றைப் பாசியின் கதை

ஜெஃப் ஓர்லோவ்ஸ்கியின் ‘சேஸிங் கோரல்’ (2017) ஆவணப்படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் ஸேக் ராகோ என்கிற இளைஞர் தினமும் கடலுக்குள் இறங்கி, அதே பவளத்தை அதே கோணத்தில் படமெடுக்கிறார். தானாக இயங்க வேண்டிய கேமராக்கள் சொதப்பியதால் ஆளே இறங்க வேண்டிய நிலை. பழுப்பு வெள்ளையாகிறது. வெள்ளைமேல் அழுக்கு நூல் போலப் பாசி படர்கிறது. அந்தப் படங்களை அடுத்தடுத்து ஓட்டிக் காட்டும்போது அரங்கில் இருக்கும் பவள ஆய்வாளர்களே கண் கலங்குகிறார்கள். அந்தக் காட்சிமேல் எனக்குப் புகார் இல்லை.

புகார், அதற்கு முன்னால் வரும் விளக்கத்தின் மேல். பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன, வெயிலைக் கொண்டு உணவு சமைத்து விலங்குக்குக் கொடுக்கின்றன. கடல் சூடானால் உறவு முறிகிறது, விலங்கு வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. அழகாகத்தான் சொல்கிறார்கள், தவறும் இல்லை. ஆனால் அதோடு அந்த நுண்பாசி கதையைவிட்டே போய்விடுகிறது. அது ஒரு பாத்திரமே இல்ல, வெறும் நிறம். இருந்தா உயிர், போனா சாவு.

அறிவியலும் ஒருகாலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தது. 1962இல் ஃபிராய்டென்தால், தலைகீழாகக் கிடக்கும் கசியோபியா ஜெல்லிமீனிலிருந்து எடுத்த பாசிக்கு சிம்பியோடினியம் மைக்ரோஅட்ரியாட்டிகம் என்று பெயர் வைத்தார். பவளம், கடல் சாமந்தி, ராட்சதச் சிப்பி எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அந்த ஒன்றுதான் என்று பலர் நெடுநாள் நம்பினார்கள். 1991இல் ரோவனும் பவர்ஸும் மரபணுக்களை ஒப்பிட்டபோது அந்த ‘ஒன்று’ உடைந்தது. நெருங்கிய சொந்தமான விலங்குகளுக்குள் தூரத்துப் பாசிகள், சம்பந்தமே இல்லாத விலங்குகளுக்குள் ஒரே மாதிரிப் பாசி. 2018இல் லாஜெனஸும் குழுவினரும் இவற்றைத் தனித்தனிப் பேரினங்களாகவே பிரித்தார்கள்: கிளாடோகோபியம், டுருஸ்டினியம், பிரேவியோலம், இன்னும் சில. இந்தக் குடும்பத்தின் வயது சுமார் 16 கோடி ஆண்டு என்று கணக்கிட்டதும் அவர்கள்தான்.

படத்துக்குப் பிறகு வந்த பெயர்களை வைத்துப் படத்தைக் குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். பெயர்தான் புதுசு, விஷயம் பழசு. வெளுப்பது வெறும் முறிவு இல்லை, கூட்டாளியை மாற்றிக்கொள்ளும் சூதாட்டமாகவும் இருக்கலாம் என்று பட்டமையரும் ஃபாட்டினும் 1993இலேயே எழுதிவிட்டார்கள். அதன்மேல் சண்டை இன்னும் ஓயவில்லை, அது வேறு. 2006இல் பெர்கெல்மன்ஸும் வான் ஆப்பனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கெப்பல் தீவுகளிலிருந்து அக்ரோபோரா மில்லெபோரா பவளங்களை எடுத்து, வடக்கே சூடு அதிகமான மேக்னெட்டிக் தீவில் வைத்தார்கள். அவை வெளுத்தன. பிழைத்து எழுந்தவற்றுக்குள் இருந்தது பழைய பாசி இல்லை, இப்போது டுருஸ்டினியம் என்று அழைக்கப்படும் வகை. 1 முதல் 1.5 டிகிரி வரை கூடுதல் சூட்டை அவை தாங்கின. இதெல்லாம் நடந்தது ஸேக் இறங்கிய அதே பெருந்தடுப்புப் பவளத்திட்டில்.

நல்ல செய்தி என்று துள்ள வேண்டாம். இதற்கு விலை உண்டு. 2004இல் வந்த ஓர் ஆய்வில், பழைய வகைப் பாசியோடு வளர்ந்த பவளக் குஞ்சுகள், சூடு தாங்கும் பாசியோடு வளர்ந்தவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக வளர்ந்தன. அதாவது உயிர் பிழைக்கலாம், ஆனால் நோஞ்சானாகப் பிழைக்க வேண்டும். ஒரு கதைசொல்லிக்கு இதைவிட என்ன வேண்டும்? படத்திடம் இருப்பது இரண்டே சுருதி: ஒன்று ஒப்பாரி, இன்னொன்று கடைசியில் இளைஞர்களைக் கூப்பிடும் அறைகூவல். நடுவில் நடக்கும் இந்தப் பேரத்துக்கு அதில் இடமில்லை.

காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை, கேமரா. கிளாடோகோபியமும் பழுப்பு, டுருஸ்டினியமும் பழுப்பு. எத்தனை மாதம் ஒரே கோணத்தில் எடுத்தாலும் எந்தக் கூட்டாளி உள்ளே இருக்கிறான் என்று லென்ஸ் சொல்லாது, ஆய்வுக்கூடம்தான் சொல்லும். பார்ப்பதே சாட்சி என்று நம்பும் படம், பார்க்க முடியாததைக் கதையிலிருந்து தள்ளிவிடுகிறது. ஒருத்தர் உட்கார்ந்து ‘வெளியிலிருந்து பார்த்தா தெரியாது’ என்று சொன்னாலே போதுமாக இருந்திருக்கும். ரூத் கேட்ஸ் மாதிரி ஒருவர் கையில் இருந்தும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வாங்காததுதான் எனக்கு ஆறவில்லை.

நம்ம பக்கத்துக் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் தென்கிழக்காசியா முழுக்கப் பவளம் வெளுத்தது. வழக்கமாக முதலில் சாவது மான்கொம்பு மாதிரி கிளைவிடும் இனங்கள், உருண்டைப் பவளங்கள் தாக்குப்பிடிக்கும். சுமத்ராவின் வே தீவில் அப்படித்தான் நடந்தது. சிங்கப்பூரிலும் தியோமானிலும் தலைகீழ்: கிளைவிடுபவை அவ்வளவாக வெளுக்கவில்லை. ஏற்கெனவே சூட்டின் ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய இடங்கள் இவை என்றார்கள் ஆய்வாளர்கள். பழகியது விலங்கா, உள்ளே இருக்கும் பாசியா, இரண்டுமா என்பது அடுத்த கேள்வி. தியோமானில் அந்த வருஷம் ஸேக் இறங்கியிருந்தால், கிளைகளை நோக்கி வைத்த கேமராவில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. அந்தப் படச்சுருளை வைத்து என்ன செய்வதென்று ஓர்லோவ்ஸ்கி யோசித்திருக்க வேண்டும்.